இணையத்தில் விற்கும் பூச்சி மருந்து

வயிற்றுப் பூச்சியை ஒழிப்பதாகச் சொல்லி இணையத்தில் விற்கப்படும் பொருள்கள் பல உருவங்களில் வருகின்றன: கேப்சூல் டப்பா, சொட்டு மருந்து, சூரணம், ‘டீடாக்ஸ்’ தேநீர், உள்ளங்காலில் ஒட்டும் பட்டை. பெயர்கள் அடிக்கடி மாறும், கதை மாறாது. உடம்பில் புழுக்கள் குடியிருக்கின்றன, ஆளுக்கே தெரியாது, டாக்டரும் கண்டுபிடிக்க மாட்டார், இதைச் சாப்பிட்டால் முப்பது நாளில் வெளியே வந்துவிடும் என்பதுதான் அந்தக் கதை. தமிழும் தெலுங்கும் கலந்து புழங்கும் ஆந்திரத்தின் சூளூர்பேட்டையில் ஒரே விளம்பரம் இரண்டு மொழியிலும் கைப்பேசிக்கு வந்துசேரும்.

மற்றப் போலி மருந்துகளைவிட இவை எளிதில் எடுபடுகின்றன. குடற்புழு உண்மையிலேயே இருக்கும் நோய். ‘பூச்சி மருந்து’ கொடுப்பது வீட்டுப் பழக்கம். ஆறு மாதத்துக்கு ஒருமுறை பேதிக்குக் கொடுத்து வளர்த்த தலைமுறை இன்னும் வீட்டில் இருக்கிறது. விளம்பரக்காரர் புதிதாக ஒரு நோயைக் கற்பிக்க வேண்டியதில்லை. ஏற்கெனவே உள்ள நம்பிக்கையின் மேல் விலைச்சீட்டு ஒட்டினால் போதும்.

உண்மையான புழுவும் அதற்கான மாத்திரையும்

மண்ணின் வழியே பரவும் குடற்புழுக்கள் உலகில் சுமார் 150 கோடிப் பேருக்கு இருப்பதாக உலக சுகாதார நிறுவனம் மதிப்பிடுகிறது. உருளைப்புழு, சாட்டைப்புழு, கொக்கிப்புழு ஆகிய மூன்றுமே இதில் முக்கியமானவை. முதல் இரண்டும் கழுவாத கை, காய்கறி வழியாக முட்டையாக வாய்க்குள் போகின்றன. கொக்கிப்புழுவின் இளம்புழு மண்ணிலிருந்து பாதத் தோலைத் துளைத்து ஏறுகிறது. ஈரமும் நிழலும் உள்ள மணற்பாங்கான நிலம் அதற்கு ஏற்றது. காளங்கி ஆற்றோரத்திலும் பழவேற்காடு ஏரிக்கரைக் குப்பங்களிலும் வெறுங்காலோடு நடமாடுபவர்களுக்குச் செருப்பும் கழிப்பறையும் எந்த மாத்திரையையும்விடப் பெரிய தடுப்பு. நான்காவதாக, சிறு பிள்ளைகளின் ஆசனவாயில் இரவில் அரிப்பு உண்டாக்கும் கீரிப்பூச்சி. இது மண்ணால் பரவுவதில்லை. விரல் நகம், படுக்கை விரிப்பு வழியாக வீட்டுக்குள்ளேயே சுற்றிவரும்.

இவற்றுக்கான முதன்மை மருந்து அல்பெண்டசோல். இரண்டு வயதுக்கு மேற்பட்டவர்களுக்கு 400 மில்லிகிராம், ஒரே மாத்திரை. ஒன்று முதல் இரண்டு வயதுவரை பாதி. 2015-ல் தொடங்கிய தேசிய குடற்புழு நீக்க நாள் திட்டத்தின்கீழ் ஆண்டுக்கு இருமுறை, பிப்ரவரியிலும் ஆகஸ்டிலும், பள்ளியிலும் அங்கன்வாடியிலும் 1 முதல் 19 வயதுவரை உள்ளவர்களுக்கு இது இலவசம். ஆந்திரப் பள்ளிகளில் ‘நுலிபுருகுலு’ மாத்திரை என்று பிள்ளைகள் சொல்வது இதைத்தான். பள்ளி வயதைத் தாண்டியவர்கள் மருத்துவர் சீட்டோடு கடையில் வாங்கினாலும் சில ரூபாய்கள்தான் ஆகும்.

இந்த மாத்திரைக்கும் குறைகள் உண்டு. உருளைப்புழுவை ஒரே வேளையில் நன்றாக ஒழிக்கும் அல்பெண்டசோல், சாட்டைப்புழுவிடம் அவ்வளவு வலுவாக வேலை செய்வதில்லை. கீரிப்பூச்சிக்கு இரண்டு வாரம் கழித்து இன்னொரு வேளை வேண்டும். வீட்டில் உள்ள எல்லாரும் சேர்ந்து சாப்பிடாவிட்டால் திரும்ப வந்துவிடும். கர்ப்பத்தின் முதல் மூன்று மாதத்தில் இது கூடாது. நாடாப்புழுவுக்கு மருந்தும் அளவும் வேறு. இப்படி எந்தப் புழுவுக்கு எது, எவ்வளவு, யாருக்கு ஆகாது என்று பிரித்துச் சொல்ல முடிவதே சோதித்துப் பார்த்த மருந்தின் இயல்பு. புழு, அமீபா, பூஞ்சை, பாக்டீரியா என எல்லாவற்றையும் ஒரே கேப்சூலில் ஒழிப்பதாகச் சொல்லும் பொருள் எதன்மீதும் சோதிக்கப்படவில்லை என்று கொள்ளலாம்.

அறிகுறிப் பட்டியல் என்னும் தூண்டில்

விளம்பரம் எப்போதும் கேள்விகளோடு தொடங்கும். வயிறு உப்புகிறதா? காலையில் சோர்வா? இனிப்பு தின்னத் தோன்றுகிறதா? முடி உதிர்கிறதா? தூக்கம் வரவில்லையா? கோபம் வருகிறதா? பத்துக் கேள்வியில் மூன்றுக்கு ‘ஆம்’ என்றால் உடம்பில் புழு இருப்பதாகத் தீர்ப்பு. இந்தப் பட்டியலில் மூன்றுக்காவது ‘ஆம்’ என்று சொல்லாத ஆள் ஊரில் கிடைப்பது அரிது. உண்மையில் குறைவான புழு உள்ளவர்களுக்குப் பெரும்பாலும் எந்த அறிகுறியும் இருப்பதில்லை. தொற்று மிகுந்தால் தெரிபவை வேறு: கொக்கிப்புழுவால் இரத்தசோகை, குழந்தையின் எடை ஏறாமை, அரிதாக உருளைப்புழுக்கள் திரண்டு குடலை அடைத்துக் கடும் வயிற்றுவலியும் வாந்தியும்.

வீட்டு நம்பிக்கைகளும் தூண்டிலில் கோக்கப்படுகின்றன. பிள்ளையின் கன்னத்தில் வெளிர் திட்டு விழுந்தால் பூச்சி என்பது தமிழ் வீடுகளில் அசையாத நம்பிக்கை. தோல் மருத்துவர்கள் அதை வறண்ட தோலோடும் கரப்பானோடும் சேர்ந்த, தானே மறையும் திட்டாகவே பார்க்கிறார்கள். தூக்கத்தில் பல்லைக் கடிப்பதும் பூச்சிக்கு அடையாளம் ஆகாது. இனிப்பு தின்றால் பூச்சி பிறக்கும் என்பதற்கும் அடிப்படை இல்லை; முட்டையோ இளம்புழுவோ உடம்புக்குள் புகாமல் புழு வராது.

கதை எங்கிருந்து வந்தது

இன்று ‘பாரசைட் கிளென்ஸ்’ என்று விற்கப்படுவதன் மூலக் கூட்டு பெரும்பாலும் ஒன்றே: கருப்பு வால்நட் ஓடு, மாசிபத்திரி இனத்தைச் சேர்ந்த வோர்ம்வுட், கிராம்பு. இதைப் பரப்பியவர் அமெரிக்காவின் ஹல்டா கிளார்க். எல்லாப் புற்றுநோய்க்கும் ஒரு குடல் தட்டைப்புழுதான் காரணம் என்று 1993-ல் புத்தகம் எழுதி, இந்த மூலிகைகளோடு ‘ஜாப்பர்’ என்ற சிறு மின்கருவியையும் பரிந்துரைத்தார். அந்தக் கருவியையும் மூலிகைகளையும் விற்ற ஒரு நிறுவனத்தின்மீது அமெரிக்க வர்த்தக ஆணையம் 2001-ல் நடவடிக்கை எடுத்தது. கிளார்க் 2009-ல் எலும்பு மஜ்ஜையைத் தாக்கும் புற்றுநோயால் இறந்தார். கூட்டு மட்டும் பெயர் மாறிப் பெயர் மாறி விற்றுக்கொண்டிருக்கிறது.

இன்னொரு கிளை இதைவிடக் கொடியது. சோடியம் குளோரைட்டையும் எலுமிச்சை அமிலத்தையும் கலந்தால் வரும் குளோரின் டை ஆக்சைடு ஒரு தொழிற்சாலை வெளுப்பான். ‘எம்.எம்.எஸ்.’ என்ற பெயரில் அதைக் குடிக்கவும், ஆட்டிசம் உள்ள குழந்தைகளுக்குப் புழுவை ஒழிக்கிறோம் என்று எனிமாவாகக் கொடுக்கவும் இணையக் குழுக்கள் சொல்லிக்கொடுத்தன. அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் 2010-லும் 2019-லும் எச்சரித்தது. தேவாலயம் என்ற போர்வையில் இதை விற்ற புளோரிடாவின் கிரெனான் குடும்பத்தில் தந்தைக்கும் ஒரு மகனுக்கும் ஐந்தாண்டும், மற்ற இரு மகன்களுக்குப் பன்னிரண்டு ஆண்டுக்கு மேலும் 2023 அக்டோபரில் சிறைத் தண்டனை கிடைத்தது.

பொருளே உருவாக்கும் சாட்சி

வாங்கியவர்கள் ஏன் நம்புகிறார்கள் என்பதற்கு விடை பெரும்பாலும் கழிப்பறையில் இருக்கிறது. ‘எனக்கு வந்தது பாருங்கள்’ என்று பகிரப்படும் படங்களில் கயிறு போல, சவ்வு போல நீளமாக ஏதோ கிடக்கும். இந்தக் கூட்டுகள் பலவற்றில் இசப்கோல் உமியும் பெண்டோனைட் களிமண்ணும் சேர்க்கப்படுகின்றன. இசப்கோலைத் தண்ணீரில் போட்டுக் கால்மணி நேரம் விட்டால் கெட்டிக் கூழாவதை யாரும் கிண்ணத்திலேயே பார்க்கலாம். களிமண்ணோடு சேர்ந்து குடலில் இறங்கும்போது அந்தக் கூழ் குடலின் வடிவத்தையே எடுத்துக்கொண்டு ரப்பர்க் கயிறாக வெளியேறுகிறது. சாப்பிட்ட மருந்துதான் திரும்பி வருகிறது. வாங்கியவருக்கு அது புழுவாகத் தெரிகிறது. ‘கயிற்றுப் புழு’ என்று புதிய உயிரினமே கண்டுபிடித்ததாக 2013-ல் இணையத்தில் கட்டுரைகள் வந்தன. அவை காட்டியது சளியும் குடல் உட்சவ்வின் சிதைவும்தான் என்பதே மருத்துவர்களின் கருத்து.

பேதியாகும்போது செரிக்காத உணவும் முழுசாக வரும். தக்காளித் தோல், கீரைத்தண்டு நார், முருங்கைக்காய்ச் சக்கை ஆகியவை சிறு புழுவைப் போலத் தோன்றி ஏமாற்றும். வாழைப்பழத்தின் நடுவில் இருக்கும் நூல் கறுத்து வருவதைப் புழு என்று ஆய்வகத்துக்கே கொண்டுவருபவர்கள் உண்டு. உண்மையான உருளைப்புழு 15 முதல் 35 சென்டிமீட்டர் நீளம், வெளிர் நிறம், இரு முனையும் கூர்மை. வளையம் இல்லாத மண்புழு மாதிரி இருக்கும். கீரிப்பூச்சி சுமார் ஒரு சென்டிமீட்டர் நீள வெள்ளை இழை, உயிரோடு நெளியும். நாடாப்புழுவின் துண்டு தட்டையாக, வெள்ளையாக, ஓரம் நேராக இருக்கும். சந்தேகம் வந்தால் படம் எடுத்துக் குழுவில் போடுவதில் பயனில்லை. சுத்தமான மூடி டப்பாவில் போட்டு ஆய்வகத்தில் கொடுத்தால் நுண்ணோக்கியில் பார்த்துச் சொல்லிவிடுவார்கள்.

இரண்டாவது சாட்சி உடல்நலக் குறைவு. மருந்து சாப்பிட்டுத் தலைவலி, வாந்தி, வயிற்றுப்போக்கு, அரிப்பு வந்தால், புழுக்கள் செத்து நஞ்சைக் கக்குகின்றன, அளவைக் கூட்டுங்கள் என்று விற்பவர் சொல்வார். இதைவிட ஆபத்தான அறிவுரை கிடையாது. பக்கவிளைவையே வெற்றியாகக் காட்டிவிட்டால், நிறுத்த வேண்டிய இடத்தில் வாங்கியவர் இன்னொரு டப்பா வாங்குவார். ஒன்றும் நடக்காவிட்டாலும் விற்பவருக்குப் பதில் இருக்கிறது: புழு பிடிவாதமானது, மூன்று மாதக் கோர்ஸ் வேண்டும்.

உள்ளே இருப்பது

மூலிகை என்பதாலேயே ஒன்று போலியாகிவிடாது. வாய்விளங்கமும் புரசம் விதையும் சித்த, ஆயுர்வேத மரபில் புழுவுக்குக் கொடுக்கப்படுபவை. ஒருகாலத்தில் உலகெங்கும் மருத்துவமனைகளில் உருளைப்புழுவுக்குக் கொடுத்த சான்டோனின் மாசிபத்திரி இனச் செடியிலிருந்து வந்ததே. சாப்பிட்டவருக்கு எல்லாம் மஞ்சளாகத் தெரியும் என்பதும், அளவு தவறினால் நஞ்சாகும் என்பதும் அதோடு சேர்ந்தவை; பாதுகாப்பான மருந்து வந்ததும் அது வழக்கொழிந்தது. வேலை செய்யும் செடிக்குத் தீங்கு செய்யும் அளவும் உண்டு என்பதை ‘முழுக்க இயற்கை, பக்கவிளைவே இல்லை’ என்ற வரி மறைத்துவிடுகிறது. வோர்ம்வுட்டில் உள்ள துஜோன் அதிகமானால் வலிப்பு வரும். கிராம்பு எண்ணெய் சிறு குழந்தையின் கல்லீரலைக் கெடுக்கும்.

உரிமம் பெற்ற செய்மருந்திலும் எச்சரிக்கை தேவை. இணையக் கடைகளில் கிடைக்கும் ‘கிருமி முத்கர ரசம்’ பழைய ஆயுர்வேத மருந்து. அதன் சேர்மானத்தில் பாதரசமும் கந்தகமும் எட்டிக்கொட்டையும் உண்டு. எட்டியில் இருப்பது ஸ்ட்ரிக்னின். நச்சுப்பொருள் சேர்ந்த இத்தகைய மருந்துகள் மருந்து விதிகளின் இ-1 அட்டவணையில் வருகின்றன. மருத்துவர் மேற்பார்வையில் மட்டுமே உட்கொள்ள வேண்டும் என்ற எச்சரிக்கை லேபிளில் இருக்க வேண்டும். கைப்பேசியில் பார்த்து வாங்கிப் பிள்ளைக்கு அரை மாத்திரை கொடுப்பதற்கான பொருள் இது இல்லை.

லேபிளைப் படிக்கும் முறை

டப்பாவைத் திருப்பி முதலில் தேட வேண்டியது உரிம எண். 14 இலக்க எஃப்.எஸ்.எஸ்.ஏ.ஐ. எண் இருந்தால் அது சட்டப்படி உணவுப்பொருள். நோயைக் குணப்படுத்தும் என்று சொல்ல அதற்கு உரிமை கிடையாது. ஊட்டச்சத்துப் பொருள் என்றால் ‘மருந்தாகப் பயன்படுத்துவதற்கு அன்று’ என்ற வரி ஆங்கிலத்தில் பொடி எழுத்தில் இருக்கும். முன்பக்கம் ‘புழுக்களை வேரோடு அழிக்கும்’, பின்பக்கம் ‘மருந்து அன்று’ என்றால் முன்பக்கம் பொய். ஆயுர்வேத, சித்த மருந்துக்கு மாநில அரசு தந்த தயாரிப்பு உரிம எண்ணும், எந்த முறை மருந்து என்பதும், சேர்மானங்களும் இருக்க வேண்டும். அல்பெண்டசோல் போன்ற அலோபதி மருந்து சீட்டுக்கு மட்டும் விற்கப்படும் ‘எச்’ அட்டவணையைச் சேர்ந்தது. இந்த மூன்றிலும் சேராமல், தயாரிப்பாளர் அல்லது இறக்குமதியாளர் முகவரி, விலை, நிகர எடை, புகார் தொலைபேசி எதுவும் இல்லாமல் வரும் டப்பாவைத் திறக்காமல் வைப்பதே நல்லது, புகாருக்கு உதவும்.

‘எஃப்.டி.ஏ. அங்கீகாரம்’ என்ற முத்திரைக்கு மதிப்பு இல்லை. அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் ஊட்டச்சத்துப் பொருள்களை விற்பனைக்கு முன் அங்கீகரிப்பதே கிடையாது. டாக்டரின் முகத்தையும் நம்ப முடியாது. பெங்களூரின் இதய அறுவை மருத்துவர் தேவி ஷெட்டியின் பெயரையும் உருவத்தையும் திருடி வந்த போலிக் காணொளிகளுக்கு எதிராக 2024-ல் தில்லி உயர் நீதிமன்றம் தடை விதிக்க வேண்டியிருந்தது.

அரசு தடுக்கவில்லை என்பதையும் சான்றாகக் கொள்ளக் கூடாது. இதற்கு அருகிலேயே உதாரணம் உண்டு. 2021 மே மாதம் நெல்லூர் மாவட்டம் கிருஷ்ணபட்டணத்தில் ஆனந்தய்யா என்பவர் கொடுத்த கொரோனா மருந்துக்குக் கூட்டம் அலைமோதியது. சூளூர்பேட்டை அப்போது அதே மாவட்டத்தில்தான் இருந்தது. திருப்பதி மாவட்டத்தில் சேர்ந்தது 2022 ஏப்ரலில். ஆய்வுக்குப் பின் மே 31 அன்று மாநில அரசு கண் சொட்டு மருந்தைத் தவிர மற்றவற்றை அனுமதித்தது. தீங்கு தெரியவில்லை, ஆனால் கொரோனாவைக் குணப்படுத்தும் என்பதற்கு ஆதாரமும் இல்லை என்பதுதான் அந்த அனுமதியின் உள்ளடக்கம். ஊர் அதில் முதல் பாதியை மட்டும் கேட்டது.

வாங்கும் பக்கத்தின் தந்திரங்கள்

செய்தித்தாள் போல வடிவமைத்த பக்கம், கீழே நூறு வாசகர் கடிதம், எல்லாம் ஒரே நடை, ஓடும் கடிகாரம், ‘இன்னும் 7 டப்பாதான்’. பெயரும் தொலைபேசி எண்ணும் மட்டும் கேட்கும். எண்ணைக் கொடுத்ததும் ‘டாக்டர்’ அழைப்பார், வயதைக் கேட்பார், நோயின் தீவிரத்தைத் தொலைபேசியிலேயே சொல்வார். பணம் டெலிவரியின்போது கொடுத்தால் போதும் என்பது நம்பிக்கை தருவதற்கு. பழைய வார இதழ்களில் வி.பி.பி. தபாலில் லேகியம் விற்ற அதே வழிதான். பார்சலைப் பிரிக்குமுன் பணம் போய்விடும்.

சந்தேகம் இருந்தால் செய்ய வேண்டியது

புழு இருக்கிறதா என்பதை மலப் பரிசோதனை சொல்லும். சூளூர்பேட்டை அரசு மருத்துவமனையில் மருத்துவரைக் கேட்டால் வழி சொல்வார். முட்டைகள் தினமும் ஒரே அளவில் வெளிவராததால், முதல் சோதனையில் இல்லை என்றாலும் மருத்துவர் வேறு நாள்களில் மீண்டும் கேட்கலாம். கீரிப்பூச்சிக்கு மலப் பரிசோதனை உதவாது. காலையில் கழுவுமுன் ஆசனவாயருகே செல்லோ டேப்பை ஒட்டி எடுத்து அதைப் பார்க்க வேண்டும். தொடர்ந்த வயிற்றுவலி, மலத்தில் இரத்தம், வெளிறிய நாக்கு, எடைக் குறைவு இருந்தால் திருப்பதி ரூயா மருத்துவமனை, ஸ்விம்ஸ் போன்ற பெரிய இடத்துக்குப் போவதைத் தள்ளிப்போடக் கூடாது.

வலிப்பு தனியாகச் சொல்ல வேண்டியது. பன்றி நாடாப்புழுவின் முட்டை கழுவாத காய்கறி வழியாக உள்ளே போனால் அதன் இளம்புழு மூளையில் கட்டியாகத் தங்கும். பன்றிக்கறியே தொடாதவர்களுக்கும் வரும். இந்தியாவில் வலிப்புக்கு இது முக்கியக் காரணங்களில் ஒன்று; வேலூர் சி.எம்.சி. மருத்துவர்கள் இதை நெடுங்காலம் ஆராய்ந்திருக்கிறார்கள். இதற்கு ஸ்கேனும் நரம்பியல் மருத்துவரும் வேண்டும். ஸ்கேன் பார்க்காமல் புழு மருந்தைத் தொடர்ந்து சாப்பிட்டால், சாகும் கட்டியைச் சுற்றி வீக்கம் கூடி வலிப்பு மோசமாகலாம்.

ஏற்கெனவே ஏதாவது சாப்பிட்டு வாந்தியோ மயக்கமோ வந்தால் உடனே நிறுத்திவிட்டு, டப்பாவோடு மருத்துவமனைக்குப் போக வேண்டும். வெளுப்பான் வகை எனில் வாந்தி எடுக்கவைக்கக் கூடாது. 108-ஐ அழைக்க வேண்டும். பக்கவிளைவை 1800-180-3024 என்ற இலவச எண்ணில் பதிவு செய்யலாம்.

புகார்

பொய் மருந்து விளம்பரங்களுக்கான சட்டம் 1954-லேயே வந்தது. மருந்து, மந்திர நிவாரண விளம்பரச் சட்டத்தின் 4-ஆம் பிரிவின்படி, மருந்தைப் பற்றித் தவறான எண்ணம் தரும் எந்த விளம்பரமும் குற்றம். முதல் முறை ஆறு மாதம்வரை சிறை. 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையத்துக்கு 10 லட்சம் ரூபாய்வரையும், மறுமுறை 50 லட்சம்வரையும் அபராதம் விதிக்க அதிகாரம் தருகிறது. விளம்பரத்தில் நடித்தவரும் தப்ப முடியாது. சட்டம் கடுமையாகத்தான் இருக்கிறது; விற்பவரின் பக்கம் ஒரே இரவில் மூடி வேறு பெயரில் திறப்பதால் பிடிப்பதுதான் கடினம். எனவே ஆதாரத்தை உடனே எடுத்துவைக்க வேண்டும்: விளம்பரத்தின் ஸ்கிரீன்ஷாட், இணைய முகவரி, அழைத்த எண், பார்சலின் மேலுறை, பணம் கட்டிய ரசீது. மேலுறையைக் கிழித்து எறிந்துவிடுவதுதான் பெரும்பாலோர் செய்வது. அனுப்பியவரின் முகவரி அதில் மட்டுமே இருக்கும்.

முதல் புகார் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணுக்கு. ஆயுர்வேத, சித்த மருந்து விளம்பரங்களுக்கு 2025-ல் தொடங்கிய ‘ஆயுஷ் சுரக்ஷா’ தளம் உண்டு. மருந்தின் உரிமம் பற்றிய சந்தேகத்துக்கு ஆந்திர மாநில மருந்துக் கட்டுப்பாட்டு நிர்வாகம். உணவு உரிமத்தோடு வந்த பொருளுக்கு உணவுப் பாதுகாப்பு அதிகாரி. ஓ.டி.பி. கேட்டுக் கணக்கிலிருந்து பணம் எடுத்திருந்தால் வேறு எங்கும் போகுமுன் 1930 என்ற இணையக்குற்ற உதவி எண்ணுக்கு.

இழப்பீடு கேட்பதற்கு விற்பவரின் ஊரைத் தேடிப் போக வேண்டியதில்லை. கம்பெனி சென்னையிலோ தில்லியிலோ இருந்தாலும், புகார்தாரர் வசிக்கும் இடத்து மாவட்ட நுகர்வோர் ஆணையத்திலேயே வழக்குத் தொடுக்கலாம். பொருளுக்குக் கொடுத்த விலை 5 லட்சம் ரூபாய்க்குள் என்றால் கட்டணம் இல்லை. வழக்கறிஞரும் கட்டாயம் இல்லை. இணையத்தின் வழியும் பதியலாம். வழக்கிற்குக் காரணமான சம்பவம் நடந்த நாளிலிருந்து இரண்டு ஆண்டுக்குள் பதிந்துவிட வேண்டும்.